விரல் காட்டிக் கட்டிய நகரில் தம்பியின் கல்லறை

நான் ஒஸ்லோவுக்குப் போனது ஒரு பிடி மண் எடுத்து வர. விமான நிலையத்தில் வந்த காரணம் கேட்ட பெண்ணிடம் இதைச் சொல்லவில்லை. நண்பரைப் பார்க்க வந்தேன் என்றேன். அதுவும் பொய்யில்லை.

என் தம்பி அமலன் அந்த நகரத்தில் அடக்கம் செய்யப்பட்டவன். அகதியாக நோர்வேக்குப் போய், வடக்கே ஒரு மீன் ஆலையில் விறைத்து, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன். ஒருநாள் தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போனான். அப்போது போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக்கிடந்தது. உடலை அனுப்ப வழியில்லை. கூட இருந்த பெடியள்தான் மண் போட்டார்கள்.

அம்மா இப்போது ஊர்காவற்றுறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். எங்கள் ஊர்ச் சேமக்காலையில், கல்லறைத் தோட்டத்தில், எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு குழி உண்டு. அப்பப்பா கிடந்த குழியைத்தான் திறந்து அப்பாவை வைத்தோம். அப்பாவுக்கு மேல் அம்மா கிடப்பாள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கரின் வழக்கம் அது. ஒரே குடும்பத்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராக ஒரே குழிக்குள் போய்ச் சேருவோம். அதில் அமலன் இல்லை என்பதுதான் அம்மாவை அரித்தது. "அவன்ரை குழியிலை ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு வா மோனை. என்னோடை போட்டு மூடுங்கோ" என்று கேட்டாள். வைத்தியர் நாள் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நவம்பர் இரண்டாம் திகதி, ஆத்துமாக்களின் திருநாளன்று கல்லறையில் நிற்கும்படி புறப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை இறங்கினேன். சீலன் வந்திருந்தான். அமலனோடு ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவன். இப்போது பஸ் ஓட்டுகிறான். அத்தனை வருடமும் கல்லறையைப் பார்த்துவந்தவன் அவன்தான். ஒவ்வொரு நவம்பரிலும் கல்லைத் தேய்த்துக் கழுவி, மெழுகுதிரி கொளுத்தி, படம் எடுத்து அனுப்புவான். அந்தப் படங்களை அம்மா கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று என் முகத்துக்கு நேரேயே சொல்லுவாள். கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

சீலன் என்னைக் கட்டிப்பிடித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியை இழுத்தான். களைப்பு என்று நினைத்தேன்.

அவன் வீடு புருசெத்தில், தொடர்மாடி ஒன்றின் நான்காம் தளத்தில். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை. நான் நின்ற நாட்களில் அவளைக் காலணியோடுதான் பார்த்தேன், ஒன்று வந்துகொண்டிருப்பாள் அல்லது போய்க்கொண்டிருப்பாள். மகள் மெலனி ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள். அங்கேயே பிறந்தவள். "வாங்கோ பெரியப்பா" என்றவள் அடுத்த மூச்சில் தகப்பனிடம் நோர்வேஜிய மொழியில் ஏதோ கேட்டாள். தகப்பன் தமிழில் "பேசாமல் இரு" என்றான். அதையும் அந்த வீட்டு வழக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று சீலன் ஒடியல் கூழ் காய்ச்சினான். ஒடியல் மா, காய்ந்த பனங்கிழங்கை இடித்தது, நான் கொண்டுபோனது. மீன் அந்த ஊர்க் கொட் மீன். புளியும் மிளகாய்த்தூளும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அந்த மீனுக்குச் சொந்தமாக ஒரு மணமும் இல்லை. பஞ்சைக் கூழில் போட்டதுபோல் இருந்தது. இரண்டு கோப்பை குடித்தேன்.

நான் நில அளவைக் கந்தோரில் படம் கீறியே நரைத்தவன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண் போவது தெரு எப்படித் திரும்புகிறது என்பதில்தான். எங்கள் ஊரில் ஒழுங்கைகள் மாடு போன பாட்டுக்கும் மச்சான்மார் சண்டை பிடித்த பாட்டுக்கும் வளைந்தவை. ஒரு முழ வேலிக்கு இரண்டு தலைமுறை வழக்காடும். சீலனின் சமையலறை சன்னலால் பார்த்தால் வேறு உலகம். ஒரே உயரத்தில் கட்டடங்கள். நடுவில் புல்வெளி. பிள்ளை தெருவைக் கடக்காமலே பாலர் பள்ளிக்கும் கடைக்கும் ரயிலுக்கும் போகலாம். வெறும் வயல் பள்ளத்தாக்காகக் கிடந்ததை ஒருவன் மேசையில் தாளை விரித்து இப்படிக் கீறியிருக்கிறான். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும்போல் இருந்தது. முதல் நாள் எனக்கு அப்படியொரு மரியாதை.

புதன்கிழமை கல்லறைக்குப் போவோம் என்றேன். "வந்த களை ஆறட்டும் அண்ணை, முதல் ஊரைப் பாருங்கோ" என்று நகர நடுவுக்குக் கூட்டிப்போனான். தூறிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு சதுக்கத்தில் வெண்கலக் கையுறை ஒன்று தரையைச் சுட்டிக்காட்டியபடி நிற்கிறது. நானூறு வருடங்களுக்கு முன்பு ஒஸ்லோ மரநகரம். தீப்பிடித்து மூன்று நாள் எரிந்து சாம்பலாகிவிட்டது. ஆண்ட அரசன் வந்து பார்த்து, எரிந்த இடத்தில் யாரும் திரும்பக் கட்டக்கூடாது என்றான். குடாவுக்கு இந்தப் பக்கம், கோட்டைக்குக் கீழே, கையுறை போட்ட விரலை நீட்டி இங்கேதான் நகரம் என்றானாம். தெருக்கள் நேராக, அகலமாக, செங்கோணத்தில். வீடுகள் கல்லிலோ செங்கல்லிலோ. பெயரும் தன் பெயர். மூன்று நூற்றாண்டு கழித்துத்தான் பழைய பெயர் திரும்பி வந்தது.

நாங்கள் நின்றபோது ஒரு ஆசிரியை மஞ்சள் மேலங்கி போட்ட சிறுவர்களைச் சுற்றி நிறுத்திவைத்து இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சீலன் காதுக்குள் மொழிபெயர்த்தான். "அரசர் இங்கே வாருங்கள் என்றார், எல்லோரும் வந்தார்கள்" என்றாளாம். ஒரு சிறுமி கையை உயர்த்தி, "வர விரும்பாதவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டது. ஆசிரியை கொஞ்சம் யோசித்தாள்.

"அவர்களும் வந்தார்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு இது புதிய கதையில்லை. இந்த எல்லைக்குள் வரக்கூடாது, உன் வீடு உனக்கில்லை என்று எங்கள் பக்கத்திலும் விரல் காட்டியிருக்கிறார்கள். காட்டியவர்கள் அதற்குப் பதிலாக ஒரு நகரம் கட்டித் தரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சீலனுக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "பசிக்குதோ அண்ணை?" என்றான். பெட்டிக்கடையில் அவித்த சொசேஜ் ஒன்றை உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றித் தந்தார்கள். சூடாக இருந்தது என்பதைத் தவிர அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை காலையிலேயே உடுத்துக்கொண்டு நின்றேன். சீலன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அந்தப் பக்கம் லைன் வேலை நடக்குதாம். ரயில் இல்லை. பூஸ் ஃபோர் பானெ."

ரயிலுக்குப் பதிலாக பஸ் விடுவதற்கு அந்தப் பெயர். "பஸ்ஸிலை போவம்" என்றேன். மாறி மாறி ஏற வேண்டும், அந்தக் குளிரில் என்னால் முடியாது என்றான். நீதானேடா பஸ் ஓட்டுகிறவன் என்று வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன். அன்று சிலைப் பூங்காவுக்குப் போனோம். பெரிய பூங்கா, அதுவும் ஒரு நேர்கோட்டில் அமைத்தது. கல்லிலும் வெண்கலத்திலும் அம்மணமான மனிதர்கள். பிறக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், கிழவர்களாகிறார்கள். நடுவில் ஒரு தூண், முழுவதும் மனித உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. அதன் கீழ் நின்று என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். சீலன் எடுத்த மூன்று படத்திலும் நான் கோணலாக இருந்தேன். வருடா வருடம் அவ்வளவு அழகாகக் கல்லறைப் படம் எடுத்து அனுப்பியவன், எடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினான்.

வெள்ளிக்கிழமை சீலன் வேலைக்குப் போனதும் தனியாகவே கிளம்பினேன். சேமக்காலையின் பெயரை மெலனியிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்தேன். எழுதின தாளைத் தரும்போது, "அப்பாவோடை போங்கோ பெரியப்பா" என்றாள்.

நிலத்தடி ரயிலை அங்கே ரி-பானெ என்கிறார்கள். வந்த ரயிலில் ஏறினேன். அடுத்த நிலையத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். விளக்குகள் அணையத் தொடங்கின. எதிர்த்திசையில் ஏறியிருக்கிறேன், அதுதான் பாதையின் கடைசி நிலையம், பாறையைக் குடைந்து கட்டியது. முதுகில் பையோடு ஒரு பெடியன் என்னைப் பார்த்துத் தயங்கி வந்தான்.

"சார், தமிழா? வழி மாறிட்டீங்களா?"

மதுரைப் பக்கத்துப் பிள்ளை, கணினிக் கம்பனியில் வேலை. நான் பேசியதில் பாதி அவனுக்கு விளங்கவில்லை. "நீங்க சொல்றது கேக்க நல்லாருக்கு சார், ஆனா கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றான். லைன் வேலை பற்றிக் கேட்டேன். கைப்பேசியில் தேடிப் பார்த்தான்.

"எந்த லைன்லயும் வேலை இல்லையே சார். நேத்தும் இல்ல. எல்லா டிரெயினும் கரெக்டா ஓடுது."

"வடிவாப் பாத்தியோ தம்பி?"

"பாத்துட்டேன் சார். இந்த ஊர்ல ஒண்ணு நடக்கப்போகுதுன்னா ஒரு மாசம் முன்னாடியே நோட்டீஸ் ஒட்டிடுவாங்க. எல்லாமே பிளான் சார் இங்க. நானே என் ஃப்ரெண்ட பாக்க மூணு வாரம் முன்னாடி நாள் குறிக்கணும்."

திரும்பிப் போகும் ரயிலில் என்னை ஏற்றிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டினான். நான் கல்லறைக்குப் போகவில்லை. புருசெத்திலேயே இறங்கிவிட்டேன். சீலன் ஏன் பொய் சொன்னான் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். இந்த வருடம் கழுவாமல் விட்டிருப்பான், புல் மண்டிக்கிடக்கும், அண்ணன்காரன் கண்டால் வெட்கம். பாவம், வேலை வேலை என்று ஓடுகிறவன். திருநாளுக்கு முதல் போய்ச் சுத்தம் செய்துவிட்டு என்னைக் கூட்டிப்போவான் என்று நானே அவனுக்காக நியாயம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டுத் துவாயைக் காயப்போடப் பல்கனிக் கதவைத் திறந்தேன். மூலையில் ஒரு பச்சைத் தார்ப்பாய், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. காற்றுக்கு ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. உள்ளே சாம்பல் நிறக் கருங்கல். சிலுவை. முட்டைவடிவக் கண்ணாடிக்குள் அமலனின் படம். தமிழில் அவன் பெயர். கீழே பிளாஸ்டிக் புல்விரிப்பு. அதன்மேல் எங்கோ பொறுக்கிவந்த காய்ந்த மேப்பிள் இலைகள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய கல் வெடித்திருக்கும், அதனால் அதே அச்சில் புதுக்கல் செய்து வைத்திருக்கிறான், நாளைக்கு என் முன்னால் நாட்டப்போகிறான், அதுதான் இத்தனை நாள் ஒளிப்பு என்று நினைத்தேன். மேசைக்கு வந்து அவன் கையைப் பிடித்தேன்.

"சீலன், உனக்கு நாங்கள் என்னத்தைத் திருப்பிச் செய்யப்போறம்? புதுக்கல்லு செய்து வைச்சிருக்கிறாய். அம்மாட்டைச் சொன்னால் உன்னைக் கும்பிடுவா."

அவன் பாணுக்குச் சீவிக்கொண்டிருந்த பழுப்புச் சீஸ் கத்தியோடு விழுந்தது. மேசையில் தலையை வைத்து அழத் தொடங்கினான். நான் முதுகைத் தடவினேன். மெலனி எழுந்து, கதவோரம் நின்று, "அப்பா, சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லப்போறன்" என்றாள்.

"அது புதுக்கல்லு இல்லை அண்ணை" என்றான் சீலன். "அதுதான் கல்லு."

"எந்தக் கல்லு?" என்றேன்.

"குழி இப்ப எங்கடை இல்லை. வேறை ஆளுக்குக் குடுத்திட்டாங்கள்."

மெலனிதான் விளக்கினாள், பாடம் எடுப்பதுபோல் மெதுவாக. அந்த நாட்டில் ஒருவரைப் புதைத்தால் இருபது வருடம் யாரும் தொடமாட்டார்கள். அதற்கு ஃப்ரெட்னிங்ஸ்டீட் என்று பெயர். அமைதியாய் விடும் காலம். அது முடிந்தபின் உரியவர்கள் வந்து தொடர்ந்து வேண்டும் என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இன்னொருவரை வைப்பார்கள். "எல்லாருக்கும் ஒரே ரெகல்தான் பெரியப்பா, ஒரே சட்டம்தான். நோர்வே ஆக்களுக்கும் அப்பிடித்தான்." எங்கள் போரின் நடுவில் நோர்வே முன்பு பிடித்துத் தந்த இன்னொரு அமைதிக் காலம் எனக்கு ஞாபகம் வந்தது. அதுவும் முடிந்துதான் போனது.

"உனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையோ?" என்று சீலனைக் கேட்டேன்.

அடக்கத்தின்போது கையெழுத்து வைத்தவன் வேறொரு கூட்டாளி. அவன் எப்போதோ லண்டனுக்குப் போய்விட்டான். அறிவித்தல் எல்லாம் அவனுடைய பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். கடைசியில் கல்லிலேயே ஒட்டினார்களாம்.

"சின்ன மஞ்சள் தாள் அண்ணை. கல்லறைக்குப் பொறுப்பானவர் கந்தோரோடை கதைக்கவும் எண்டு கிடந்தது. வாசிச்சனான். ஆனால் நான் பொறுப்பில்லையே. நான் ஆர் அவனுக்கு? பொறுப்பு அம்மாவும் நீங்களும்தானே."

"எனக்குச் சொல்லியிருக்கலாமெல்லோ!"

"உங்களுக்குச் சொன்னால், இவன் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போனான், எங்கடை தலையிலை கட்டப் பாக்கிறான் எண்டு நினைப்பியள். அதுக்குப் பயந்தனான்."

"அப்ப அந்தத் தாளை என்ன செய்தனீ?"

அவன் நிமிரவில்லை. "திருநாள் வந்திட்டுது. கல்லைக் கழுவவேணும். சவர்க்காரம் போட்டுச் சுரண்டி எடுத்தனான். படத்திலை மஞ்சளாத் தெரிஞ்சால் அம்மா என்னெண்டு கேப்பாவெல்லோ. அடுத்த வருஷமும் ஒட்டியிருந்தாங்கள். அதையும் கழுவினனான்."

எங்கள் ஊரில் திருநாளுக்கு முதல்நாள் சேமக்காலை கலகலத்துப் போயிருக்கும். வாளியும் தும்புத்தடியுமாகக் குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். கல்லறையில் ஒரு பறவை எச்சம் இருந்தாலும் அந்த வீட்டுக்கு மானக்கேடு. சீலன் அதை மறக்கவில்லை. மறந்திருந்தால், ஊத்தைக் கல்லை அப்படியே விட்டிருந்தால், யாராவது ஒரு தமிழன் அந்தத் தாளை வாசித்து யாருக்காவது சொல்லியிருப்பான். பக்தியாய்க் கழுவினான். கழுவியே என் தம்பியைத் துடைத்துவிட்டான்.

மூன்றாம் வருடம் போனபோது இடத்தில் கல் இல்லை. வேலைக்காரர்களின் கொட்டகைச் சுவரில் சாத்திவைத்திருந்தார்களாம். வேண்டுமா என்று கேட்டு, அவர்களே தூக்கி வண்டியில் ஏற்றிக்கொடுத்தார்கள். "நல்லாத்தான் கதைச்சவங்கள் அண்ணை. கோப்பிகூட ஊத்தித் தந்தவங்கள். அதுதான் எனக்கு வாய் வராமல் போட்டுது." அதன்பிறகு அம்மாவுக்கு வந்த படங்கள் எல்லாம் அந்தப் பல்கனியில் எடுத்தவை. குனிந்து, சுவர் தெரியாமல், இலைகளைத் தூவி எடுத்தவை. ஒரு படத்தில் பனி விழுந்திருக்கும். அந்தப் படத்தைத் தடவித் தடவி, பிள்ளைக்குக் குளிருமே என்று அம்மா அழுதிருக்கிறாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதவில்லை. கத்தி முடிந்ததும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போனதுதான் பெரிய கொடுமை. சீலன்மேல் கோபம் வந்தால் அவன் முகத்தைப் பார்க்க அது தணிகிறது. கந்தோர்க்காரர்கள் சட்டப்படி செய்தார்கள், தாள் ஒட்டினார்கள், இரண்டாம் முறையும் ஒட்டினார்கள், கோப்பி கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அநியாயம் செய்தவனுக்கு ஒரு முகம் உண்டு. மண்ணை அள்ளித் தூற்றலாம். இங்கே பிறப்பதற்கு, படிப்பதற்கு, கிழடாவதற்கு, செத்துக் கிடப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு வெளியே விழுந்தவனுக்கு மண்ணை அள்ளி யார்மேல் தூற்றுவது என்றுகூடத் தெரியாது. செவ்வாய்க்கிழமை சன்னலால் பார்த்து வியந்த அதே கட்டடங்கள் அன்று சதுரம் போட்ட காகிதம்போல் கிடந்தன. நான் வாழ்நாள் முழுவதும் கீறிய காகிதம்.

பின்னேரம் சீலன் மெல்ல வந்து பக்கத்தில் இருந்தான். "நாளைக்கு அம்மாவோடை பல்கனியிலை இருந்து கதைப்பம் அண்ணை. நான் எல்லாம் வடிவாச் செய்து வைக்கிறன். மண் பூச்சாடியிலையும் எடுக்கலாம். அவவுக்குத் தெரியவா போகுது?" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். சாகப்போகிறவளுக்கு உண்மை எதற்கு என்று எனக்கும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை, திருநாள் பூசை முடிந்ததும், ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். சீலன் வர மறுத்தான். பல்கனியில் மெழுகுதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மெலனி கூட்டிப்போனாள். பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இரண்டு கிழவிகள் கண்ணாடிக்கூட்டு மெழுகுதிரிகளை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டேன். "போன வருஷத்து மெழுகுதிரி விடியுமட்டும் எரிஞ்சதாம், இந்த வருஷத்துச் சாமான் மலிவாம், நிக்காதாம்" என்றாள் மெலனி. அந்த நாட்டவர்களுக்கும் அதே ஞாயிறுதான் இறந்தவர்களின் நாள்.

சேமக்காலை நல்ல வடிவு. சொல்லத்தான் வேண்டும். பாதைகள் செங்கோணத்தில் வெட்டுகின்றன. வரிசை பிசகாத கற்கள். தண்ணீர்க் குழாய், பூவாளி, குப்பைக்குத் தனித்தனிப் பெட்டி. மூன்று மணிக்கே மங்கத் தொடங்கிய வெளிச்சத்தில் ஆயிரம் மெழுகுதிரிகள். மெலனிக்கு இடம் தெரிந்திருந்தது. சின்னப்பிள்ளையாகத் தகப்பனோடு வாளி தூக்கி வந்தவள்.

அந்த இடத்தில் வெள்ளைக்கல் ஒன்று நின்றது. ஒரு பெண்ணின் பெயர். கல்லுக்கு முன்னால் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் முழங்காலில் நின்று ஊதாநிறப் பூஞ்செடி நட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நகராமல் நின்றதால் நிமிர்ந்து பார்த்தார். போய்விடலாம் என்று நான் திரும்பினேன். மெலனி நின்றாள். என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள். மண்ணைப் பற்றியும் சொன்னாள் போலிருக்கிறது.

அவர் எழும்ப வெகுநேரம் எடுத்தது. கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தார். தனக்குக் கீழே ஒருவர் கிடக்கிறார் என்று தன் மனைவிக்குத் தெரியாது, தானும் அறியவில்லை என்றார். எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மண்வெட்டிக் கரண்டியை நீட்டினார். பிறகு ஏதோ யோசித்து, வெட்கப்பட்டவர்போல் இன்னும் ஒன்று சொன்னார்.

"மேலே இருக்கிறது கடையிலை வாங்கின மண்ணாம் பெரியப்பா" என்றாள் மெலனி. "வசந்தத்திலை சாக்கிலை வாங்கிக் கொட்டினவராம்."

குனிந்து கையை வைத்தேன். கறுப்பாக, பஞ்சுபோல், இடையிடையே வெள்ளைக் குறுணிகளோடு கிடந்தது. சீலனின் பூச்சாடிக்குள் கிடக்கும் அதே மண். இதற்குக் கீழே அவருடைய மனைவி. அவளுக்கும் கீழே அமலன். எவ்வளவு ஆழம் தோண்டுவது? கையை எடுத்துவிட்டேன். எனக்கு வாழ்க்கையில் எல்லாம் அவ்வளவு கைவிட்டுப்போனதாக ஒருபோதும் தோன்றியதில்லை. போர்க்காலத்தில்கூட இல்லை.

கிழவர் கல்லின் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். மனைவியின் பெயருக்குக் கீழே வெறுமையாக விட்டிருந்தது. தன் சாம்பல் கலசமும் இங்கேதான், அவளுக்கு மேலே. எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று, இனி இந்த இடத்தில் வேறு யாரையும் வைக்கமாட்டார்கள், உங்கள் தம்பி பயப்படத் தேவையில்லை என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. வீட்டில் இருந்து, முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. பல்கனிக்குத் திரும்பியபின் பேசலாம் என்ற கணக்கில், பிறகு நானே எடுப்பதாகச் சொல்லியிருந்தேன், அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கை தன்பாட்டில் அழுத்திவிட்டது. என் மனைவி தலையணையை உயர்த்தி அம்மாவைச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"மோனை, மெழுகுதிரி எல்லாம் தெரியுது. வடிவாக் கிடக்கு. அவனைக் காட்டு."

நான் முகத்தையே காட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் தோளுக்குப் பின்னால் கல் தெரிந்துவிட்டது. அம்மா அந்தப் படங்களைப் பார்த்தே கிடப்பவள். அவளுக்கு அந்தக் கல்லின் ஒவ்வொரு மூலையும் தெரியும்.

"உது ஆற்றை கல்லு? வெள்ளையாக் கிடக்கு. அவன்ரை எங்கை?"

பொய் தயாராகத்தான் இருந்தது. வரவில்லை. சொன்னேன். சீலன் கழுவினதை மட்டும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கத் தவறிவிட்டோம், இடத்தை ஒரு மனுசிக்குக் கொடுத்துவிட்டார்கள், அமலன் அவளுக்குக் கீழே கிடக்கிறான், மண் எடுக்க வழியில்லை அம்மா என்று சொன்னேன். அம்மா அழவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். மூச்சு வாங்கியது. நான் கைப்பேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பக்கத்திலை நிக்கிறவர் ஆர்?" என்று கேட்டாள்.

"அந்த மனுசியின்ரை புருஷன் அம்மா."

"நல்ல மனுசரோ?"

"ஓம் அம்மா. நல்லவர்."

"அப்ப அவரிட்டை ஒருக்காக் கேள் மோனை. அவவுக்கு மேலை என்னைப் போட இடமிருக்குமோ எண்டு."

மெலனி காலையிலிருந்து எல்லாவற்றையும் இந்த மொழிக்கும் அந்த மொழிக்குமாக மாற்றிக்கொண்டிருந்தவள். பழக்கத்தில் கிழவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். நான் கையை உயர்த்தித் தடுத்தேன். கிழவர் ஒன்றும் விளங்காமல் கைப்பேசியில் தெரிந்த அம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"கேட்டனியோ?" என்றாள் அம்மா.

"கேட்டனான் அம்மா" என்றேன். "இடமில்லையாம்."